வேரைக் கிள்ளிப் பாருங்கள்

கடலைக் கொல்லையில் ஒரு செடியைப் பிடுங்கினால் எல்லார் கண்ணும் காயைத்தான் தேடும். நீங்கள் வேரைப் பாருங்கள். திருத்தணிப் பக்கத்துச் செம்மண்ணில் கடலைக்குப் பஞ்சமில்லை. செடி பூத்திருக்கும் சமயத்தில், கொல்லைக்காரரைக் கேட்டுக்கொண்டு, ஒன்றை மெதுவாகத் தோண்டி எடுத்துத் தண்ணீரில் அலசுங்கள். வேரோடு ஒட்டிக்கொண்டு கடுகளவு முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பா? அப்படியானால் அங்கே வேலை நடக்கிறது!

அந்தச் சிவப்புக்குக் காரணம் லெக்ஹீமோகுளோபின். நம் ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினுக்கு அது சொந்தம். முடிச்சுக்குள் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா உயிர்வாழ ஆக்சிஜன் வேண்டும். ஆனால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் அதன் நொதிக்கு ஆக்சிஜன் ஆகவே ஆகாது. அதனால் ஆக்சிஜனை அளந்து அளந்து கொடுக்கிறது இந்தச் சிவப்புப் பொருள். திருத்தணியில் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பிறந்த அதே 1888-ஆம் ஆண்டில்தான், நெதர்லாந்தில் பெய்ஜெரிங்க் என்பவர் இந்த பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார்.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். செடியால் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. உரத் தொழிற்சாலையில் 400 டிகிரிக்கு மேல் சூடாக்கி, பெரும் அழுத்தம் கொடுத்து அதை அம்மோனியாவாக மாற்றுகிறார்கள், அதிலிருந்துதான் யூரியா. பாக்டீரியாவுக்கு மண்ணின் சூடே போதும். கூலியாகச் செடி சர்க்கரை கொடுக்கிறது. மண்ணில் யூரியா ஏராளமாக இருந்தாலோ, கடலைச் செடி கூலி கொடுக்க விரும்புவதில்லை, முடிச்சுகள் குறைந்துபோகும். கெட்டிக்காரச் செடி!

கடலைக்கு அடுத்து கத்தரி போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடலை சேர்த்த தழைச்சத்தில், அதாவது நைட்ரஜனில், பெரும்பங்கு பருப்போடு போய்விடும். கொடி மாட்டுக்குப் போகும். மாடு அதைச் சாணமாகத் திருப்பித் தரும். சரி, அந்த எருவே கத்தரிக்குப் போதுமா?

கணக்குப் போடுவோம். நன்கு மக்கிய தொழுவுரத்தில் தழைச்சத்து ஏறக்குறைய அரை சதவீதம். ஒரு டன்னில் 5 கிலோ. யூரியாவில் 46 சதவீதம். 45 கிலோ மூட்டையில் 20 கிலோவுக்குச் சற்று மேல். ஒரு மூட்டைக்கு 4 டன் எரு! கத்தரிக்கு ஹெக்டேருக்கு 25 டன் தொழுவுரம் இடச் சொல்கிறார்கள். அதில் 125 கிலோ தழைச்சத்து இருக்கிறதே, பிறகு யூரியா எதற்கு? எருவிலிருப்பது முழுவதும் இந்தப் பருவத்திலேயே வெளியே வராது. நுண்ணுயிர்கள் அதைத் தின்று சிதைக்கச் சிதைக்கத்தான் கொஞ்சம் கொஞ்சமாக வரும். கத்தரியோ நட்ட 30 நாளில் கிளைவிட்டுப் பசியோடு நிற்கும். அப்போது கைகொடுப்பது மேலுரமாகப் போடும் யூரியா. ஆனால் யூரியா ஈரத்தைப் பிடித்து வைக்காது, நுண்ணுயிருக்குச் சோறு போடாது. அது எருவால்தான் ஆகும். கோயம்புத்தூரில் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயலிலும் எருவும் உரமும் சேர்ந்த இடமே நன்றாக விளைந்திருக்கிறது.

மக்காத பச்சைச் சாணத்தை மட்டும் கொட்டிவிடக் கூடாது. வேர்ப்புழு சேரும்.

மூன்றாவது ஆள் உயிர் உரம். அசோஸ்பைரில்லம் வேரைச் சுற்றி இருந்து தழைச்சத்து சேர்க்கும். பாஸ்போபாக்டீரியா அமிலம் சுரந்து, மண்ணில் பூட்டிக் கிடக்கும் மணிச்சத்தைக் கரைக்கும். இவற்றை ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையில் பூசி நிழலில் உலர்த்துவார்கள். அல்லது மக்கிய எருவில் கலந்து இடுவார்கள். யூரியாவோடு கலந்தால் பாக்டீரியா செத்துவிடும்.

கத்தரிக்குப் பின் தக்காளியோ மிளகாயோ வேண்டாம். மூன்றும் ஒரே குடும்பம்; ஒன்றைத் தாக்கிய வாடல் நோய் அடுத்ததற்கும் காத்திருக்கும். கத்தரி வேரிலும் நீங்கள் முடிச்சு பார்க்கலாம். ஏமாறாதீர்கள், அது நூற்புழுவின் வேலை! கடலை முடிச்சு தேய்த்தால் உதிர்ந்துவிடும். இது வேரே வீங்கியது, உதிராது. இப்படிப்பட்ட நிலத்தில் ஒரு பருவம் செண்டுமல்லி போடலாம். அதன் வேரில் சுரக்கும் பொருள் நூற்புழுவுக்கு விஷம். பூவை என்ன செய்வது என்று கேட்காதீர்கள். ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடி எடுக்கிற ஊர் திருத்தணி.