ஈர்ப்புக் கோட்பாடும் அதன் உரைகல்லும்

2019 ஜனவரியில் ஜலந்தரில் நடைபெற்ற இந்திய அறிவியல் மாநாட்டில், தமிழகத்திலிருந்து சென்ற ஒருவர், ஈர்ப்பைப் பற்றி நியூட்டனும் ஐன்ஸ்டைனும் கூறியவை தவறு என்று மாணவர்களிடையே அறிவித்தார். அறிவியலாளர்கள் அதனைக் கண்டித்தனர். ஆயினும், இத்தகைய கூற்றை எவ்வாறு எடைபோடுவது என்பதை நம் மாணவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டும்.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியே ஜவ்வாது மலையேறினால் காவலூர் வானாய்வகம் வரும். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, அக்கோளைச் சுற்றி வளையங்கள் உண்டென உணர்த்திய பதிவுகளுள் காவலூரின் பதிவும் ஒன்று. ஈர்ப்புக் கோட்பாடு சோதிக்கப்பட்ட வரலாற்றிலும் அந்த யுரேனசுக்கு இடமுண்டு.

யுரேனஸின் பாதை நியூட்டனின் கணக்குக்கு இணங்கவில்லை. புலப்படாத வேறொரு கோள் அதனை ஈர்ப்பதாகக் கொண்டு, அதன் இருப்பிடத்தைப் பிரெஞ்சு அறிஞர் லெவெரியே கணித்தார். 1846இல் அவர் சுட்டிய இடத்தினருகே நெப்டியூன் காணப்பட்டது. புதன் கோளின் பாதையிலும் பிறழ்ச்சி கண்ட அவர், அங்கும் ஒரு கோளை ஊகித்தார், அது கிடைக்கவேயில்லை. நூற்றாண்டுக்கு 43 விகலை மட்டுமே ஆன அப்பிறழ்ச்சியை 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் விளக்கியது. ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு.

ஐன்ஸ்டைன் நியூட்டனை அடியோடு தள்ளிவிடவில்லை. ஈர்ப்பு வலுவற்ற இடங்களில் அவருடைய சமன்பாடுகள் நியூட்டனின் விடையையே தருகின்றன. மேலும், சூரியனருகே விண்மீன் ஒளி 1.75 விகலை வளையும் என, பொய்த்துவிடக்கூடிய ஓர் எண்ணை அவர் முன்வைத்தார். 1919ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தில் எடுத்த அளவீடுகள் அவருக்குச் சான்றாயின.

மாற்றுக் கோட்பாடுகளுக்கும் இதுவே உரைகல். விண்மீன் மண்டலங்களின் சுழற்சியை விளக்க 1983இல் மில்குரோம் ஈர்ப்பு விதியையே திருத்த முனைந்தார். எண்களுடன் வந்ததால் அவர் கருத்து இன்றும் சோதிக்கப்படுகிறது. 2017 ஆகஸ்ட் 17 அன்று ஈர்ப்பலையும் காமாக் கதிரும் ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டுகள் கடந்து, இரண்டு விநாடிக்குள் அடுத்தடுத்து வந்தடைந்தன. இவ்விரண்டின் வேகமும் வேறுபடும் என்ற மாற்றுக் கோட்பாடுகள் பல அதனால் கைவிடப்பட்டன.

மறுப்பது குற்றமன்று. தாலமியின் வானியலில் உள்ள முரண்களைத் தொகுத்து இப்னுல் ஹைதம் ஒரு நூலே எழுதினார். ஆனால் அவருக்குப் பின் நஸீருத்தீன் தூஸியும் இப்னுஷ் ஷாதிரும் கணக்கிட்டு அமைத்த மாற்று மாதிரிகளே அந்த ஐயத்தை அறிவாக வளர்த்தன. ஆகவே புதுக் கோட்பாடு கூறுவோரிடம் நாம் கேட்க வேண்டியவை இரண்டு: பழைய கோட்பாடு விளக்கியவற்றை உமது கோட்பாடும் விளக்குகிறதா? எந்த அளவீடு வந்தால் அதனைக் கைவிடுவீர்?