குழந்தை நலமும் சமூக ஊடகங்களும்

நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், முன்பெல்லாம் வீட்டு முதியோரையோ அண்டை வீட்டாரையோ எழுப்பிக் கேட்பது வழக்கம். பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் சென்று சிறு குடும்பங்களாக வாழும் பெற்றோர் இன்று கைபேசியை நாடுகின்றனர். வாட்ஸ்அப், ஃபேஸ்புக், யூடியூப் போன்ற சமூக ஊடகங்கள் அவர்களுக்கு ஆலோசனை மன்றங்களாகியுள்ளன. இதன் பயனையும் கேட்டையும் ஆராய்தல் பொது சுகாதாரப் பணியாளர்களுக்கு இன்றியமையாததாகும்.

முதலில் பயனைக் காண்போம். பிறந்து ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் ஒன்றே போதுமானது. எனினும், பால் போதவில்லையோ என்ற ஐயமே தாய்மார் பலரைப் புட்டிப்பாலுக்குத் திருப்புகிறது. அந்நிலையைக் கடந்து வந்த மற்றொரு தாயின் சொல் அப்போது பெருந்துணையாகிறது. முதுகுத் தண்டுவடத் தசைநார்ச் சிதைவு போன்ற அரிய நோயுற்ற குழந்தைகளின் பெற்றோர் நாடெங்கும் சிதறி வாழ்கின்றனர். அவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்ளவும், 2021-ஆம் ஆண்டு அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையின்கீழ்க் கிடைக்கும் நிதியுதவியை அறிந்துகொள்ளவும் இவ்வூடகங்கள் வழிசெய்கின்றன.

ஆறுதல் அனைவருக்கும் பொது. மருந்தின் அளவோ அந்தந்தக் குழந்தையின் எடைக்கும் வயதுக்கும் உரியது. பாராசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் மருந்து இருப்பது வழக்கம். 5 மில்லிலிட்டருக்கு 125 மில்லிகிராம் கொண்ட சிரப்பில் ஒரு மில்லிலிட்டருக்கு 25 மில்லிகிராமே உண்டு. சிரப்புக்கெனத் தாய் ஒருவர் நல்லெண்ணத்துடன் எழுதிய அளவில் மற்றொருவர் சொட்டு மருந்தைக் கொடுப்பாராயின், குழந்தைக்கு நான்கு மடங்கு மருந்து சென்றுவிடும்.

தவறான செய்தி ஒரு வீட்டோடு நிற்பதுமில்லை. 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு ஆகியவற்றில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்குட்பட்டோர் அனைவருக்கும் ஊசி போடுவது நோக்கம். தடுப்பூசி தீங்கானது என்ற வதந்தி வாட்ஸ்அப் வழியே பரவியதால், தமிழ்நாட்டில் பெற்றோர் பலர் தயங்கினர். இயக்கத்தின் காலத்தை நீட்டிக்க நேர்ந்தது. தட்டம்மை மிக விரைவாகத் தொற்றுவதாகையால், அதைத் தடுத்து நிறுத்த ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் இரு தவணை ஊசியும் பெற்றிருத்தல் வேண்டும். சிலரது தயக்கம் ஊசி பெறும் வயதை எட்டாத பச்சிளங் குழந்தைகளையும் இடருக்குள்ளாக்கும்.

இதற்குத் தீர்வு பெற்றோரைக் கடிவது அன்று. கேள்வி பிறக்கும் இடத்திலேயே, அது பிறந்த பொழுதிலேயே நம்பகமான விடை கிடைக்கச் செய்வதே தீர்வாகும். கிராம சுகாதார செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் தம் பகுதிப் பெற்றோரின் குழுக்களில் இடம்பெறலாம். வதந்தி எழுந்த அன்றே மாவட்ட சுகாதார அலுவலர் எளிய மொழியில் மறுப்பு வெளியிடலாம். இணையவழி மருத்துவ ஆலோசனைக்கென 2019-இல் தொடங்கிய இ-சஞ்சீவனியைப் பெற்றோர் அறியச் செய்தலும் வேண்டும். குழந்தை உணவு விளம்பரத்தைத் தடைசெய்யும் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறி, அறிவுரை வடிவில் விளம்பரம் நுழைகிறதா என்பதையும் அலுவலர்கள் கண்காணித்தல் நலம்.

பால் குடிக்க மறுத்தல், வலிப்பு, மூச்சிரைப்பு, நினைவு மங்குதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் கைபேசியை வைத்துவிட்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். இவ்வொரு செய்தி எல்லாப் பெற்றோர் குழுக்களையும் எட்டுமாயின், அதுவே பல உயிர்களைக் காக்கும்.