குதிரை இல்லாத குதிரைப்படை: நெப்போலியனுக்கும் மெட்ராஸுக்கும் ஒரே தலைவலி

கோபாலபுரத்தில் யார் புது பைக் எடுத்தாலும் முதல் ட்ரிப் பெரும்பாலும் பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரர் கோயிலுக்குத்தான். மாலை, எலுமிச்சம்பழம், ஒரு செல்ஃபி, முடிந்தது. அது சரி, முனீஸ்வரருக்கு எப்படி 'பாடிகாட்' என்று இங்கிலீஷ் பேர் வந்தது?

மெட்ராஸ் கவர்னருக்கு மெய்க்காவலாக ஒரு குதிரைப்படை இருந்தது. அதன் பெயரில்தான் அந்தச் சாலைக்கு பாடிகாட் ரோடு என்று பெயர் வந்தது. சாமிக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. கொஞ்சம் தள்ளி தீவுத்திடலில் சேணம் இல்லாத குதிரையில் சர் தாமஸ் மன்றோ உட்கார்ந்திருக்கிறார். ஆக, நகரத்தின் நடுவிலேயே குதிரைப்படையின் மிச்சங்கள் கிடக்கின்றன. நாம்தான் சிக்னலில் ஹாரன் அடித்துக்கொண்டே கடந்துபோகிறோம்.

ஒரு ரெஜிமென்ட்டில் எத்தனை பேர்?

இதற்கு எப்போதுமே இரண்டு பதில்கள். காகிதத்தில் ஒன்று, களத்தில் ஒன்று.

நெப்போலியன் காலத்து பிரெஞ்சுக் குதிரைப்படை ரெஜிமென்ட்டில் 4 ஸ்குவாட்ரன்கள், ஒவ்வொன்றிலும் 2 கம்பெனிகள். காகிதக் கணக்குப்படி சுமார் 1,000 பேர். போர்க்களத்துக்கு வந்து சேர்வது பல நேரம் அதில் பாதிதான். மீதிப் பேர் காயம், காய்ச்சல், பின்னால் டிப்போவில் பயிற்சி. முக்கியமாக, ஆள் இருப்பான், குதிரை இருக்காது. 1805-ல் ஆஸ்திரியாமீது படையெடுத்தபோது டிராகூன் வீரர்கள் எல்லோருக்கும் குதிரை கிடைக்காமல், ஒரு பகுதியினரை நடந்தே போகவிட்டார்கள். 'காலாள் குதிரைப்படை'! வடிவேலு காமெடி மாதிரி இருந்தாலும் நிஜம்.

மறு ஆண்டு பிரஷ்யாவைத் தோற்கடித்ததும் நெப்போலியன் செய்த வேலைகளில் ஒன்று, எதிரியின் குதிரைகளைப் பிடித்து வந்து பாட்ஸ்டாமில் பெரிய டிப்போ திறந்தது. குதிரையில்லாமல் வந்த வீரர்கள் அங்கே ஏறிக்கொண்டு போனார்கள். 1812-ல் ரஷ்யா போனபோது அந்த வசதியும் இல்லை. பச்சைத் தீவனம் தின்றும், மழையில் நனைந்தும், சேணம் உரசி முதுகு புண்ணாகியும், பெரிய சண்டைகளுக்கு முன்பே ஆயிரக்கணக்கில் குதிரைகள் செத்தன. திரும்பி வரும்போது, இன்னமும் குதிரை வைத்திருந்த அதிகாரிகளையே சேர்த்து ஒரு காவல் ஸ்குவாட்ரன் அமைக்க வேண்டியிருந்தது. 1813-ல் புது ஆட்களைத் திரட்டிவிட்டார். ஆனால் பழக்கிய குதிரையைத் திரட்ட முடியவில்லை. லூட்சனில் ஜெயித்தும், ஓடுகிற எதிரியைத் துரத்த ஆளில்லை.

நம்ம ஊர்க் கதை

மெட்ராஸுக்கு இந்தப் பாடம் முன்பே கிடைத்துவிட்டது. 1780-ல் ஹைதர் அலி பெரும் குதிரைப்படையோடு கர்நாடகப் பகுதியில் இறங்கியபோது, கம்பெனியிடம் சொல்லிக்கொள்ளும்படி குதிரைப்படையே இல்லை. எதிரி எங்கே இருக்கிறான் என்று தெரியாது, தானிய வண்டிகளுக்குப் பாதுகாப்பு கிடையாது. அந்த செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. பிறகுதான் இங்கிலாந்திலிருந்து ஒரு லைட் டிராகூன் ரெஜிமென்ட் வந்தது. பின்னாளில் 19-ஆவது என்று எண் மாறியது அதுதான். கப்பலில் வந்தது ஆட்கள் மட்டும். குதிரையை இங்கேதான் தேட வேண்டும்.

உள்ளூர்ப் படை ஆற்காடு நவாபிடமிருந்து வந்தது. அவர் சம்பளத்தைப் பாக்கி வைக்க, 1784-ல் ஆரணியில் அந்தக் குதிரைவீரர்கள் கலகமே செய்தார்கள். பல மாதம் சம்பளம் வராத வலி எந்த நூற்றாண்டிலும் ஒன்றுதான்.

மெட்ராஸ் ரெஜிமென்ட்கள் சிறியவை, சுமார் 400 முதல் 500 பேர். குதிரை கம்பெனியுடையது. வடக்கே பல படைகளிலும் மைசூரிலும் 'சில்லேதார்' முறை இருந்தது: குதிரை உன்னுடையது, சம்பளம் எங்களுடையது. இன்றைக்கு சொந்த பைக்கில் டெலிவரி செய்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். குதிரை செத்தால் நஷ்டம் வீரன் தலையில். அப்புறம் எவன் பீரங்கிக்கு நேராகப் பாய்வான்? என்னைக் கேட்டால், அவனைக் கோழை என்று சொல்வது அநியாயம்.

திப்புவும் வெளியே உதவி தேடினார். பிரெஞ்சுக்காரர்களிடம் ஆயிரக்கணக்கில் வீரர்கள் கேட்டார். 1798-ல் மொரீஷியஸிலிருந்து மங்களூரில் வந்து இறங்கியது சுமார் 100 பேர். நெப்போலியன் எகிப்திலிருந்து எழுதிய கடிதம் அவர் கைக்கு வந்து சேரவே இல்லை.

25 கிலோமீட்டர்

1806 ஜூலை 10. புதிய தலைப்பாகையும், நெற்றிக் குறி கூடாது என்ற உத்தரவும் கிளப்பிய கோபத்தில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். சேதி காலையில் ஆற்காட்டுக்குப் போனது. அங்கே 19-ஆவது டிராகூனும் மெட்ராஸ் குதிரைப்படையும் தயாராக இருந்தன. கர்னல் கில்லெஸ்பி சுமார் 20 பேரோடு முன்னால் பறந்தார். குதிரைகள் இழுத்து வந்த சிறு பீரங்கிகள் பின்னால் வந்து கதவை உடைத்தன. உள்ளே நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். அடக்க வந்த குதிரைவீரர்களில் ஒரு பகுதியினர் நம் ஊர்க்காரர்கள் என்பதைப் பாடப் புத்தகம் அவ்வளவாகச் சொல்வதில்லை. அன்றைக்கு ஆற்காட்டில் குதிரைகள் இல்லாமல் இருந்திருந்தால், அந்தக் கோட்டை சாயங்காலம் வரை யார் கையில் இருந்திருக்கும்?

குதிரை எங்கிருந்து வந்தது?

அரபு நாட்டிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் மேற்குக் கடற்கரை வழியாக. விலை அதிகம், எண்ணிக்கை போதாது. அதனால் மன்றோ கவர்னராக இருந்த 1824-ல், ஓசூர் பக்கம் மத்திகிரியில் ராணுவத்துக்காகக் குதிரைப் பண்ணை தொடங்கினார்கள். 1830-களில் ஆஸ்திரேலியக் குதிரைகள் வரத் தொடங்கின. நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்ததால் 'வேலர்'. அப்போது மெட்ராஸுக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்க, பல வாரம் கடலில் ஆடிவந்த மிருகத்தை அலைகளைத் தாண்டிக் கரை சேர்க்க வேண்டும். மசூலாப் படகும் கட்டுமரமும் சூழ அவற்றை இறக்குகிற காட்சியை 1834-லேயே ஓவியமாக வரைந்திருக்கிறார்கள்.

இறங்கிய குதிரைக்கு இங்கே கிடைத்த சாப்பாடு, வேகவைத்த கொள்ளு. பாட்டி சளிக்கு ரசம் வைப்பாரே, அதே கொள்ளுதான். புல் அறுக்க ஓர் ஆள், பராமரிக்க ஓர் ஆள் என்று ரெஜிமென்ட்டுக்குப் பின்னால் இன்னொரு ஊரே நடந்துபோனது. அவர்கள் தலைகள் படை பலக் கணக்கில் வருவதில்லை.

மத்திகிரி பண்ணை இன்றும் இருக்கிறது, மாட்டுப் பண்ணையாக. நவாபின் குதிரைப்படையில் வேர் கொண்ட 16-ஆவது லைட் கேவல்ரி இப்போது இந்திய ராணுவத்தின் டாங்கிப் படை.