சேலஞ்சுக்குப் பெயர் கொடுக்குமுன்

பேலியோ உணவில் இருந்து, இத்தனை நாளில் அதிகக் கிலோ குறைப்பவருக்குப் பரிசு என்று ஜிம்மில் அறிவிப்பு வந்தால், பணம் கட்டும் முன் வீட்டு மாத்திரை டப்பாவை ஒருமுறை திறந்து பாருங்கள். புதுச்சேரியின் தேங்காய்த்திட்டிலும் முதலியார்பேட்டையிலும் இருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளியானபோது, புதுச்சேரியில் பெரியவர்களில் நூற்றுக்கு 26 பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. கோவாவுக்கு அடுத்த இடம் நமக்கு. உடல் பருமனிலோ நாட்டிலேயே முதலிடம்: நூற்றுக்கு 53 பேர். எடையைக் குறைக்க ஜிம்முக்கு வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே சர்க்கரை மாத்திரையோ பிரஷர் மாத்திரையோ போடுகிறவர்கள். சிலருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது.

எடை குறைய வேண்டும் என்ற எண்ணம் மிக நல்ல எண்ணம். பேலியோவையும் நான் பழிக்கவில்லை. லோரன் கோர்டெய்ன் 2002-ல் எழுதிய புத்தகத்தால் உலகம் அறிந்த இந்த உணவுமுறையை, நியாண்டர் செல்வனின் எழுத்து தமிழர்களிடம் கொண்டுவந்தது. சோறு, இட்லி, சப்பாத்தி, சர்க்கரை, பருப்பு எல்லாம் போய், இறைச்சி, மீன், முட்டை, தேங்காய், பாதாம், கீரை வருகின்றன. மூலத்தில் விலக்கப்பட்ட பால் பொருள்கள் தமிழ்நாட்டு வடிவத்தில் வெண்ணெயாகவும் பன்னீராகவும் இடம்பெற்றுவிட்டன. மாவுச்சத்து இப்படிச் சட்டென்று குறையும்போது இரத்தச் சர்க்கரையும் இறங்குகிறது. ஆபத்து அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சோற்றை நிறுத்திவிட்டு மருந்தை மட்டும் பழைய அளவிலேயே தொடர்ந்தால் சர்க்கரை அபாயமாகத் தாழும். வியர்வை, கை நடுக்கம், தடுமாற்றம், பிறகு மயக்கம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளில் வேறொரு சிக்கல் இருக்கிறது. மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்தவருக்கு இரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகலாம். அப்போது குளுக்கோமீட்டரில் சர்க்கரை ஏறக்குறைய சரியாகவே காட்டும். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் வந்த பிறகும் ‘சுகர் நார்மல்தானே’ என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-லேயே எச்சரித்த விஷயம் இது. பிரஷர் மாத்திரை எடுப்பவர்களுக்கு முதல் வாரங்களில் உப்பும் நீரும் வெளியேறி, எழுந்து நின்றாலே தலை சுற்றலாம்.

ஆகவே மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் கையில் மட்டும் இருக்க வேண்டும். ஜிம் மாஸ்டர் எவ்வளவு அக்கறையானவராக இருந்தாலும் அது அவர் வேலை இல்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி, கிரியேட்டினின், சிறுநீரில் புரதம், கல்லீரல், கொழுப்பு, யூரிக் அமிலம் ஆகிய பரிசோதனைகளை முடித்துவிட்டு, அறிக்கையோடு மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், 18 வயதாகாத பிள்ளைகள் இந்தப் போட்டிக்கு வர வேண்டாம்.

முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்ததும் எல்லோருக்கும் உற்சாகம் பொங்கும். அதில் பெரும்பகுதி தண்ணீர். உடல் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்து நின்றதும் இரண்டும் சேர்ந்து கரைகின்றன. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியின்படி வாரத்துக்கு அரைக் கிலோ குறைவதே பாதுகாப்பு. உணவு ஒரு நாளைக்கு 1000 கலோரிக்குக் கீழே போகக் கூடாது. ஒரு மாதத்தில் பத்துக் கிலோ என்று கூவுகிற போட்டி இந்த அளவுக்கு வெகு தொலைவில் நிற்கிறது. வேகமாக எடை இறங்கினால் பித்தப்பையில் கல் சேரும் வாய்ப்பும் கூடுகிறது. ‘கிலோவை விடுங்கள், இடுப்புச் சுற்றளவை வைத்துப் பரிசு கொடுங்கள்’ என்று நடத்துபவரிடம் கேளுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பதுதான் நம்மவர்களுக்கான எல்லை.

2025 ஜூலையில் குமரி மாவட்டம் குளச்சலில், இணையக் காணொளி பார்த்து மாதக்கணக்கில் பழச்சாறு மட்டும் குடித்துவந்த ஒரு மாணவர் இறந்துபோனார். எடை குறைக்க அந்தப் பையனுக்கு இருந்த ஆசைதான் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இருக்கிறது. அவர்கள் தட்டில் என்ன விழுகிறது என்று கவனியுங்கள். பழக்கமில்லாத உடலோடு திடீரென்று கடும் பயிற்சி செய்தபின் தசை வலி தாங்காமல், சிறுநீர் கோலா நிறத்தில் போனால், தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று பொருள். அன்றைக்கே ஜிப்மருக்கோ ஜி.எச்.-சுக்கோ போய்விட வேண்டும்.

புரதத்துக்கு நமக்குத் தூரம் போக வேண்டியதில்லை. துறைமுகத்தில் இறங்கும் மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகுகள் போகாது. அந்த மாதங்களில் போட்டி வந்தால் முட்டைக்கும் கோழிக்கும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். புரதப் பவுடர் டப்பா வேண்டாம் என்பதே மேற்சொன்ன வழிகாட்டியின் அறிவுரை. கட்டாயம் வாங்க வேண்டும் என்று நெருக்கினால் மறுத்துவிடுங்கள். டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இல்லையென்றால் தொடவே வேண்டாம். ‘கொழுப்பு கரைக்கும்’ ஊசிக்கு யார் சொன்னாலும் கை நீட்டாதீர்கள்.

இனி பணத்துக்கு வருவோம். ரசீது கேட்டு வாங்குங்கள். தர மறுப்பதே 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். சேவையில் குறை இருந்து, அதை நிறுத்திப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் அப்படியே: ரசீதில் குறித்த கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள் தர வேண்டும். ‘எது நடந்தாலும் நானே பொறுப்பு’ என்று கையெழுத்து வாங்கிவிட்டாலும் ஜிம் நடத்துபவரின் கவனக்குறைவு கழுவப்பட்டுவிடாது. நுகர்வோரை ஒரேயடியாக நசுக்கும் ஒப்பந்தத்தைச் செல்லாது என்று அறிவிக்க மாநில ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ‘முன்–பின்’ படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்த விருப்பமில்லை என்றால் படிவத்திலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். குறிப்பாகப் பெண்கள் இதில் தயங்கவே வேண்டாம்.

தகராறு வந்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தீராவிட்டால் புதுச்சேரி மாவட்ட நுகர்வோர் ஆணையம். வக்கீல் கட்டாயமில்லை; கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணமும் இல்லை. ஜிம்மின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணையம் இலவச வக்கீல் தரும். பொய் விளம்பரம் செய்தவருக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட முடியும். மனு போட இரண்டு ஆண்டு அவகாசம். அதுவரை ரசீது, டயட் சார்ட், வாட்ஸ்அப் செய்திகள், பரிசோதனை அறிக்கை எதையும் அழித்துவிடாதீர்கள்.