ஃபர்னஸ் ஃபில்டரை எப்போது மாற்றினீர்கள்?



குளிர் தொடங்கிவிட்டது. பேஸ்மென்டில் இருக்கும் ஃபர்னஸ் இனி ஏப்ரல் வரை ஓடும். அதன் ஃபில்டரைக் கடைசியாக மாற்றியது எப்போது என்று கேட்டால், ஸ்கார்பரோவில் நம் வீடுகள் பலவற்றில் பதில் வருவதில்லை. ஜனவரியில் ஃபர்னஸ் நின்றுபோய், பழுதுச் செலவுக்கு அறக்கட்டளையை நாடி வரும் குடும்பங்களைப் பார்க்கிறோம். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

ஃபர்னஸ் வீட்டுக்குள் இருக்கும் காற்றையே இழுத்து, கேஸ் எரிந்து சூடாகும் உலோகப் பெட்டியைச் சுற்றி ஓடவிட்டு, மறுபடி அறைகளுக்கு அனுப்புகிறது. கார்ப்பெட் தூசி, துணியின் பஞ்சு, தாளிப்புப் புகை, சாம்பிராணி எல்லாம் அந்தக் காற்றோடு போகும். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் போதிய காற்று உள்ளே போகாது. பெட்டி அளவுக்கு மீறிச் சூடாகி, பாதுகாப்பு சுவிட்ச் நெருப்பை நிறுத்திவிடும். ஆறியதும் மறுபடி பற்றும், மறுபடி நிற்கும். வீடும் சூடாகாது, பில்லும் குறையாது. இப்படியே நெடுநாள் ஓடினால் அந்தப் பெட்டி வெடிப்பு விடலாம். அப்போது கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் கசியும் ஆபத்து உண்டு. அதற்கு மணமில்லை, எந்த ஃபில்டரும் அதைத் தடுக்காது. கேஸ் ஃபர்னஸ் உள்ள வீட்டில் படுக்கையறைகளுக்கு அருகே அதற்கான அலாரம் இருக்க வேண்டும் என்பது ஒன்டாரியோ சட்டம். உங்கள் அலாரத்தின் பட்டனை இன்றே அழுத்திப் பாருங்கள்.

ஃபில்டர் வாங்கும்போது முதலில் அளவு. பழைய ஃபில்டரின் ஓரத்தில் 16×25×1 என்பதுபோல அங்குலத்தில் அச்சிட்டிருக்கும். சிறியதை வாங்கிச் செருகினால் காற்று சந்து வழியாகப் போய்விடும், ஃபில்டர் இருந்தும் பயனில்லை.

அடுத்தது மெர்வ் எண். 8 என்றால் தூசி, பஞ்சு வரை பிடிக்கும். 11 அதைவிட நுண்ணியதைப் பிடிக்கும். 2023 ஜூனில் காட்டுத்தீப் புகை டொரோண்டோ வரை வந்ததே, அத்தகைய புகைத்துகளுக்கு 13 நல்லது. சில பெட்டிகளில் எஃப்.பி.ஆர்., எம்.பி.ஆர். என்று வேறு எண்கள் இருக்கும். அவை மெர்வ் அல்ல, குழம்ப வேண்டாம்.

எண் கூடக் கூட நல்லது என்று எல்லோரும் 13 வாங்குவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. ஒரு அங்குல ஃபில்டர் போடும் பழைய ஃபர்னஸ்களில் சில அந்த அடர்த்தியை இழுக்கத் திணறும். வருடாந்தர பரிசோதனைக்கு வருபவரிடம் உங்கள் ஃபர்னஸ் எதுவரை தாங்கும் என்று கேளுங்கள். நான்கு அங்குல ஃபில்டரில் மடிப்புப் பரப்பு அதிகம் என்பதால் 13 போட்டாலும் பொதுவாகச் சிரமமில்லை. வீஸிங் உள்ள பிள்ளையோ வயதான வாப்பா, உம்மாவோ இருக்கும் வீட்டில், 13 போட்டு ஆறு மாதம் மறந்திருப்பதைவிட 11 போட்டு ஒழுங்காக மாற்றுவதே மேல்.

மாற்றுவது ஐந்து நிமிட வேலை. ஃபர்னஸ் சுவிட்சை அணைத்து, பழையதை உருவி, அம்புக்குறி ஃபர்னஸ் பக்கம் பார்க்கும்படி புதியதைச் செருகுங்கள். ஓரத்தில் தேதி எழுதிவையுங்கள். ஒரு அங்குலத்தை மாதம் ஒருமுறை பார்த்து, மூன்று மாதத்துக்குள் மாற்ற வேண்டும். நான்கு அங்குலம் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை வரும். அட்டை ஃபில்டரைக் கழுவிப் போடாதீர்கள். வரும் சில ஆண்டுகள் நோன்பும் குளிர்காலத்தில்தான் வருகிறது. தினமும் சமோசா பொரிக்கும் அந்த மாதத்தில் கூடுதலாக ஒருமுறை பாருங்கள்.

பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஃபர்னஸைப் பழுதில்லாமல் வைத்திருப்பது அவர் பொறுப்பு. வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: ஒரே ஃபர்னஸ் என்றால் மேலேயும் கீழேயும் சுற்றுவது ஒரே காற்றுதான்.

"இலவசமாக ஃபில்டர் பார்க்கிறோம்" என்று கதவைத் தட்டுபவர்களை உள்ளே விடாதீர்கள். அழைக்காமல் வாசலுக்கு வந்து ஃபர்னஸ், ஏர் கிளீனர் போன்றவற்றை விற்பதும் வாடகைக்கு விடுவதும் ஒன்டாரியோவில் 2018 மார்ச் 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. பகலில் வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களிடம் இதைச் சொல்லிவையுங்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தக் காகிதத்தோடு அலுவலகத்துக்கு வாருங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம்.