தம்பானூரும் வீட்டுக் கழிவுநீர்க் குழாயும்

கனமழை பெய்தால் திருவனந்தபுரத்தின் தம்பானூரில் நீர் தேங்கும். நடுவண் தொடர்வண்டி நிலையமும் பேருந்து நிலையமும் அமைந்த அப்பகுதி தாழ்வானது. அதன் வெள்ளத்தை ஏற்கும் ஆமையிழஞ்சான் தோடு, இருப்புப்பாதைகளுக்கு அடியில் சுரங்கமாகக் கடந்து ஆக்குளம் காயலை நோக்கிச் செல்கிறது. அச்சுரங்கத்தில் குப்பை சேர்ந்து வழி குறுகினால் நீர் பின்னேறித் தெருவில் நிற்கும். வீட்டுக் கழிவுநீர் பின்னேறுவதும் இதே இயற்கை விதியால்தான்.

வீட்டுக் குழாயில் நீரைத் தள்ளும் எக்கி எதுவும் இல்லை. சரிவும் புவியீர்ப்புமே அதனை இயக்குகின்றன. 4 அங்குலக் குழாய்க்கு 50 அடி நீளத்தில் 1 அடி இறக்கம் போதும். நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் விரைவு இருந்தால்தான் நீர் மணலையும் கசடையும் உடன் இழுத்துச் செல்லும். விரைவு குறைந்த இடத்தில் கசடு படியும். அதன்மேல் சமையற்கட்டின் எண்ணெய் ஒட்டும். எண்ணெயிலிருந்து பிரியும் கொழுப்பு அமிலங்கள் நீரிலும் கற்காரையிலும் உள்ள சுண்ணத்தோடு சேர்ந்து, கரையாத சவர்க்காரமாக இறுகும். 2017-இல் இலண்டனின் ஒயிட்சேப்பல் பகுதியில் இவ்வாறு உருவான கட்டி 250 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 130 டன் எடையும் கொண்டிருந்தது!

அடைப்பு எங்கே என்பதை நீர்மட்டமே காட்டிவிடும். ஒரு தொட்டி மட்டும் வடியவில்லை என்றால் குறை அதன் கிளைக் குழாயில் உள்ளது. மாடியில் நீர் ஊற்றும்போது கீழ்த்தளக் குளியலறையில் பொங்கினால் முதன்மைக் குழாயே அடைபட்டிருக்கிறது. உடனே வீடு முழுவதும் நீர்ப் பயன்பாட்டை நிறுத்த வேண்டும். மேலே ஊற்றும் ஒவ்வொரு வாளியும் கீழேதான் வெளிவரும். பிறகு முற்றத்தில் உள்ள ஆய்வுக்குழியான சேம்பரின் மூடியைத் திறந்து, எட்ட நின்று பார்க்க வேண்டும். அது வறண்டிருந்தால் அடைப்பு வீட்டுக்கும் சேம்பருக்கும் இடையில். மூங்கில் பிளாச்சோ கம்பிச் சுருளோ விட்டு எடுக்கலாம். அது நிரம்பியிருந்தால் அடைப்பு அதற்கு அப்பால். தெருவின் ஆள்நுழைகுழியும் நிரம்பியிருந்தால் வீட்டில் செய்வதற்கு ஒன்றுமில்லை. கேரள நீர் ஆணையத்துக்கே தெரிவிக்க வேண்டும்.

அமிலத்தையும் வெளுப்புநீரையும் ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றுவது கொடிய தவறு. இரண்டும் கலந்தால் குளோரின் வளி எழும்.

கூரை மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் இணைப்பதும் பெருங்கேடு. திருவனந்தபுரத்தின் முட்டத்தறையில் 2013-இல் தொடங்கிய சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 10.7 கோடி லிட்டர் கழிவுநீருக்காகக் கட்டப்பட்டது, மழைவெள்ளத்துக்காக அன்று. மழைநீர் புகுந்து குழாய் நிரம்பினால் கழிவுநீர், தாழ்ந்த வீடுகளின் கழிப்பறை வழியே வெளியேறும்.

இவை அனைத்தினும் முதன்மையானது மனித உயிர். தேங்கிய கழிவிலிருந்து எழும் ஐதரசன் சல்பைடு காற்றைவிடக் கனமானது. குழியின் அடியில் தங்கும். பத்து இலட்சத்தில் 100 பங்கு என்னும் அளவிலேயே மூக்கின் மணவுணர்வை அது மரக்கச் செய்யும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குபவர் மாள்வார். 2013-ஆம் ஆண்டில் வந்த சட்டம் ஒன்று, காப்பின்றி மனிதரைக் கழிவுக் குழியில் இறக்குவதைத் தடைசெய்தது. இத்தகைய சாவுக்கு 30 இலட்சம் உரூபாய் இழப்பீடு தரவேண்டும் என 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் 2024 சூலை 13 அன்று, தம்பானூர்ச் சுரங்கத்தில் குப்பையை அகற்ற இறங்கிய தூய்மைப் பணியாளர் ஒருவரை வெள்ளம் அடித்துச் சென்றது. மூன்றாம் நாளே அவர் உடல் கிடைத்தது. ஆள்நுழைகுழியைத் தூய்மை செய்யும் 'பாண்டிகூட்' என்னும் எந்திரன் 2018-இலேயே அதே நகரில் அறிமுகமாகியிருந்தது என்பதை எண்ணும்போது நெஞ்சு பதைக்கிறது.

ஆகவே, வீட்டில் அடைப்பு நேர்ந்தால் எவரையும் குழிக்குள் இறங்கச் சொல்லாதீர்கள். எந்திரம் வரும்வரை குழாய்களை மூடிவைத்துக் காத்திருங்கள். இறங்க முன்வருபவரையும் தடுத்து நிறுத்துங்கள்.