இன்டர்வியூ முடிஞ்சுதா... ஒரு 'தேங்க்ஸ்' சொன்னீங்களா?

நமக்கு 'நன்றி' என்பது சட்டென்று வாயில் வராத வார்த்தை. மனசில் இல்லாமல் இல்லை. திருக்குறளில் பதினோராவது அதிகாரத்தையே 'செய்ந்நன்றியறிதல்' என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். ஆனால், அம்மா தட்டில் தோசையைப் போட்டதும் "மிக்க நன்றி அம்மா!" என்று சொல்லிப் பாருங்கள். காய்ச்சலோ என்று நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார்!

நமக்கு அது மேடைச் சொல். மைக் முன்னால்தான் வரும். அதிலும் 'நன்றியுரை' என்று அறிவித்த மறு விநாடி, கூட்டம் செருப்பைத் தேடக் கிளம்பிவிடும்.

இப்பேர்ப்பட்ட நம்மிடம் வந்து, "இன்டர்வியூ முடிந்த 24 மணி நேரத்துக்குள், உங்களைக் கேள்வி கேட்டவருக்கு நன்றிக் கடிதம் அனுப்புங்கள்" என்கிறார்கள் வேலை ஆலோசகர்கள். நானும் இதை என் சித்தி பையனிடம் சொன்னேன். பி.காம். முடித்துவிட்டு கம்பெனி கம்பெனியாகப் படியேறிக்கொண்டிருப்பவன். கொதித்துவிட்டான்.

"எதுக்குண்ணே தேங்க்ஸ்? காலைல ஒன்பது மணிக்கு வரச் சொல்லிட்டு மத்தியானம் ரெண்டு மணிக்குக் கூப்பிட்டாங்க. அஞ்சே நிமிஷம். 'வீ வில் கெட் பேக் டு யூ'ன்னு அனுப்பிட்டாங்க. ஒன்றரை மாசமாச்சு... இன்னும் 'கெட் பேக்' ஆகலை. நியாயமாப் பார்த்தா அவங்கதானே எனக்கு தேங்க்ஸ் சொல்லணும்?"

சிரித்துவிட்டுப் போகிற பேச்சில்லை இது. சித்தப்பா ரிடையராக இன்னும் எட்டு மாதம்தான் பாக்கி. அவன் மொபைல் மணி அடித்தால் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எடுத்தால், "பர்சனல் லோன் வேணுமா ஸார்?"

அவன் கேள்விக்கு வருவோம்.

இந்தப் பழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியது. கல்யாணப் பரிசு வந்தாலும், விருந்துக்குப் போய் வந்தாலும் நன்றி எழுதிப் போடுகிற ஊர் அது. எமிலி போஸ்ட் என்ற அம்மையார் 1922-ல் 'எட்டிகெட்' என்று நாகரிகத்துக்கே ஒரு தடிப் புத்தகம் போட்டார். அங்கே அப்பா அம்மா மேஜையில் உட்கார்த்தி வைத்து எழுதச் சொல்லிப் பழக்கிய பிள்ளைகளுக்கு, இன்டர்வியூ முடிந்ததும் தானாகக் கை எழுதும்.

ஆனால், அங்கேயே ஒரு தகராறு வந்தது. 2019-ல் பிசினஸ் இன்சைடர் நிறுவனத்தின் ஆசிரியர்களில் ஒருவர், 'தேங்க் யூ' அனுப்பாதவரை வேலைக்கு எடுக்கக் கூடாது என்பது தன் கொள்கை என்று எழுதினார். பலர் பிடித்து உலுக்கிவிட்டார்கள். 'வீட்டில் யாருமே ஆபீஸ் வேலை பார்த்திராத பிள்ளைக்கு இந்த விதி எப்படித் தெரியும்? எங்கேயும் எழுதி வைக்காத சட்டத்தைச் சொல்லி ஒருவனைத் தள்ளுவது என்ன நியாயம்?' என்று கேட்டார்கள்.

சரியான அடி! நம் ஊருக்கும் இது பொருந்தும். டவுன் பஸ் பிடித்து காலேஜுக்குப் போய், ஊரிலேயே முதல் பட்டதாரியாக வந்தவனுக்கு வேலை தெரிந்திருக்கும், சம்பிரதாயம் தெரிந்திருக்காது. கடிதம் வராததை வைத்து அவனைக் கழித்துக் கட்டினால், கழிந்து போவது நல்ல வேலைக்காரன்தான்.

'அப்போ எழுத வேண்டாமா?' என்றால், எழுதுங்கள் என்றுதான் சொல்வேன். நானும் பி.காம்.தான். கணக்காகவே சொல்கிறேன். செலவுப் பக்கம்: பத்து நிமிஷம். ரூபாய்? பூஜ்யம். வரவுப் பக்கம்: வேலை வரும் என்று உத்தரவாதம் கிடையாது. ஆனால், எட்டுப் பேரில் ஒருவராகப் போய் வந்த நீங்கள், பேரும் முகமும் உள்ள ஒருவராக ஆகிறீர்கள். இது நஷ்டக் கணக்கில்லை.

கிண்டியில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் மேனேஜராக இருக்கும் என் நண்பர் சொன்னதைக் கேளுங்கள்.

"எட்டுப் பேரைப் பார்த்தேன். ரெண்டு பேர் மெயில் போட்டிருந்தாங்க. முதல் ஆள் ரெண்டு பக்கம். இங்கிலீஷ் அப்படியே தேன்! ஆனா ஆரம்பமே, 'டியர் இன்சர்ட் நேம்'. கம்ப்யூட்டர் எழுதிக் குடுத்ததை அப்படியே தள்ளிவிட்டிருக்கான். என் பேரைப் போடக்கூட நேரமில்லை!"

"ரெண்டாவது ஆள்?"

"அஞ்சு வரி. ஜி.எஸ்.டி.ஆர்-2பி எந்தத் தேதி வரும்னு கேட்டிருந்தேன். பையன் முழிச்சுட்டு ஏதோ சொல்லிட்டுப் போனான். மெயில்ல, 'நான் சொன்ன தேதி தப்பு ஸார். மாதாந்திர ரிட்டர்ன் போடறவங்களுக்கு அடுத்த மாசம் 14-ம் தேதி வரும். வீட்டுக்குப் போனதும் பார்த்துட்டேன்'னு எழுதியிருந்தான்."

"வேலை குடுத்தீங்களா?"

"இல்லை. அவனைவிட அனுபவமுள்ள ஒருத்தர் இருந்தார். ஆனா மூணு மாசம் கழிச்சு இன்னொரு இடம் காலியாச்சு. விளம்பரமே குடுக்கலை. நேரா அவனுக்குத்தான் போன் போட்டேன்."

ஐந்து வரி செய்கிற வேலை இதுதான். நன்றி என்பது அதில் ஒரு வரி. மீதி நாலு வரியில், 'நீங்கள் பேசியதைக் கவனித்தேன். வீட்டுக்குப் போயும் அதையே நினைத்தேன்' என்று சொல்லாமல் சொல்கிறீர்கள்.

எப்படி எழுதுவது? கடிதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும். சாரத்தைத் தமிழில் தருகிறேன்:

'இன்று காலை அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலைக்காக என்னிடம் பேச நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. உங்கள் கிளைகளின் கணக்கை ஒரே இடத்தில் சேர்ப்பது பற்றி நீங்கள் சொன்னது பயனுள்ளதாக இருந்தது. இதேபோன்ற வேலையை முந்தைய ஆபீஸில் இரண்டு வருடம் பார்த்திருக்கிறேன். நீங்கள் கேட்ட சம்பள ஸ்லிப்புகளை இணைத்திருக்கிறேன். முப்பது நாள் நோட்டீஸில் வந்து சேர முடியும்.'

அவ்வளவுதான். கீழே பெயர், போன் நம்பர்.

சில எச்சரிக்கைகள்:

ஸ்கூலில் லீவ் லெட்டருக்கு மனப்பாடம் செய்த 'ரெஸ்பெக்டட் ஸார்', 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி' எல்லாவற்றையும் பரணில் ஏற்றுங்கள். 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' என்று முடிக்கவே முடிக்காதீர்கள். அது நன்றி இல்லை, மனு!

பேரைச் சரியாக எழுதுங்கள். நம் ஊரில் இனிஷியல் முன்னால் வரும், பின்னால் வரும். ஒரே பேரை நாலு விதமாக எழுதுவார்கள். அழைப்பு வந்த மெயிலைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். கேள்வி கேட்டவர் முகவரி தெரியவில்லையா? ஹெச்.ஆருக்கே அனுப்பி, 'அவரிடமும் என் நன்றியைத் தெரிவியுங்கள்' என்றால் போதும். எங்கேயோ தேடிப் பிடித்து, அவருடைய சொந்த வாட்ஸ்அப்புக்கு ராத்திரி பதினொரு மணிக்கு ரோஜாப்பூ அனுப்பாதீர்கள்.

ஒரு தடவைதான். 'ரிசல்ட் என்னாச்சு ஸார்?' என்று அதிலேயே நச்சரிக்கக் கூடாது. அவர்கள் சொன்ன கெடு தாண்டியபின் தனியாக ஒரு முறை கேட்கலாம்.

முக்கியமாக, அரசாங்க உத்தியோகத்துக்கு இந்த வித்தை வேண்டாம். மத்திய அரசில் 2016 ஜனவரி 1 முதல் குரூப் 'சி', குரூப் 'டி', கெஜட்டட் அல்லாத குரூப் 'பி' பணிகளுக்கு இன்டர்வியூவே கிடையாது. நன்றி சொல்ல ஆளே இல்லை! இன்டர்வியூ உள்ள தேர்வுகளிலும் அறிவிப்பைப் படியுங்கள். பேங்க் பி.ஓ. மாதிரியான தேர்வுகளில், எந்த வடிவில் சிபாரிசு தேடினாலும் தகுதியிழப்பு என்று போட்டிருப்பார்கள். 'நன்றிதானே ஸார் சொன்னேன்' என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டிவரும். அந்த அறையை விட்டு எழும்போது சொல்கிற ஒரு 'தேங்க் யூ' தாராளமாகப் போதும்.

இன்னொன்று. இன்டர்வியூவுக்குப் போன இடத்தில் ரிஜிஸ்டரில் எழுதப் பேனா தந்த செக்யூரிட்டி, எந்த மாடி என்று காட்டியவர், மூன்று மணி நேரக் காத்திருப்பில் கேட்காமலே ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்த அக்கா... இவர்களுக்கு ஈமெயில் வேண்டாம். திரும்பும்போது ஒரு வார்த்தை போதும். அதற்குக் கம்ப்யூட்டரும் வேண்டாம், இங்கிலீஷும் வேண்டாம்.

கடைசியாக, மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு...

கடிதம் வந்ததா என்று பார்ப்பது இருக்கட்டும். நீங்கள் பதில் போட்டீர்களா? 'வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம். வந்ததற்கு நன்றி' - இரண்டே வரி. அதைப் படித்துவிட்டு எந்தப் பையனும் உங்களைத் திட்டப் போவதில்லை. அன்று ராத்திரி கொஞ்சம் புரண்டு படுப்பான். ஆனால், மறுநாளிலிருந்து மொபைலைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு காத்திருக்காமல், அடுத்த கம்பெனிக்குச் சட்டையை அயர்ன் பண்ணப் போய்விடுவான்.

செய்ந்நன்றி என்பது ஒருவழிப் பாதையில்லை, ஸார்!